வீட்டிலிருந்தே ஆங்கிலத் தேர்வு: காவலா, கேள்வியா?

தொலைநிலைக் கல்வியில் ஆங்கிலத் தேர்வை எப்படி அமைத்தால் காப்பியடிப்பது குறையும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நேராக 2020 மே மாதத்துக்குப் போய்விடலாம்.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரப் பாடங்களைப் படித்து எழுதும் தேர்வு ஒன்று உண்டு. அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று பெயர், சுருக்கமாக ஏபி. காலேஜ் போர்டு என்ற அமைப்பு அதை நடத்துகிறது. அதில் ஆங்கில மொழித் தாள் வழக்கமாக மூன்றேகால் மணி நேரம். முதலில் கொள்குறி வினாக்கள், அடுத்து மூன்று கட்டுரைகள், அறைக்குள் நடமாடும் கண்காணிப்பாளர். கொரோனா வந்து இந்த ஏற்பாட்டையெல்லாம் கலைத்துப் போட்டது. 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டுக் கிடந்த நேரம் அது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே எழுதட்டும் என்று காலேஜ் போர்டு முடிவு செய்தது. கூடவே வினாத்தாளின் உருவத்தையும் மாற்றியது.

கொள்குறி வினாக்கள் முழுவதுமாகப் போயின. ஒரே ஒரு கட்டுரை. எழுத 45 நிமிடம், அனுப்ப 5 நிமிடம். புத்தகத்தையும் குறிப்பேட்டையும் தாராளமாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மாணவர் அதற்கு முன் பார்த்திராத ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, எழுதியவர் தம் வாதத்தை எப்படிக் கட்டுகிறார் என்று அலசச் சொன்னார்கள். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் தேர்வு நடந்ததால், இந்தியாவிலிருந்து எழுதிய சிலர் நள்ளிரவில் விழித்திருந்து எழுத வேண்டியதாயிற்று. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள்: எழுதும் ஒவ்வொரு விடையின் நகலும் அந்த மாணவரின் ஆசிரியருக்குப் போய்ச் சேரும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள யோசனையைப் பாருங்கள். நாலு எழுத்தில் அடங்குகிற விடை வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் ஊரைச் சுற்றிவிடும்; 45 நிமிடக் கட்டுரை அப்படிச் சுற்றாது. புத்தகத்தைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்ட பிறகு, புத்தகத்தைத் திறந்தவன் குற்றவாளி ஆவதில்லை. புதிய பகுதி என்பதால் கைடில் விடை இருக்காது. ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளையின் எழுத்தைத் திருத்திய ஆசிரியர், அதன் கை எது, வேறு கை எது என்று பார்த்ததும் சந்தேகப்படக் கூடியவர். இந்த நான்கும் கேமராவே இல்லாமல் கிடைத்த பாதுகாப்பு.

குறை இல்லாமலும் இல்லை. எழுதி முடித்துப் படம் எடுத்து அனுப்பியவர்களில் சிலருடைய விடைகள் போய்ச் சேரவில்லை. ஐபோன் எடுக்கும் புதுவகைப் படக்கோப்பை அந்த இணையதளம் ஏற்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். அவர்கள் ஜூனில் மறுபடி எழுத நேர்ந்தது. ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பு என்று கெடு வைத்தால், காப்பியடித்தவனுக்கு முன்னால் நல்ல இணைய இணைப்பு இல்லாதவன்தான் மாட்டுவான்.

காப்பி எவ்வளவு நடக்கிறது? பிரிட்டனைச் சேர்ந்த பில் நியூட்டனும் கீயோனி எசெக்ஸும் இணையவழித் தேர்வுகளைப் பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பதில் சொன்ன மாணவர்கள் 4,672 பேர். காப்பியடித்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள், கொரோனாவுக்கு முந்தைய ஆய்வுகளில் 29.9 சதவீதம், கொரோனாக் காலத்தில் 54.7 சதவீதம். ஏன் அடித்தாய் என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன காரணம் மிக எளிமையானது: வாய்ப்பு இருந்தது, அடித்தேன்.

வாய்ப்பை அடைக்க வேண்டும் என்றதும் நிர்வாகங்களுக்குத் தோன்றிய முதல் வழி காவல். மாணவரின் கேமராவைத் திறந்து வைப்பது, கண் எந்தப் பக்கம் போகிறது என்று மென்பொருளால் பார்ப்பது, தேர்வுக்கு முன் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2021-ல் வேதியியல் தேர்வு எழுதிய ஒரு மாணவரிடம் அப்படித்தான் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் சொன்னார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. அவர் வழக்குத் தொடுத்தார். அரசு நடத்தும் பல்கலைக்கழகம் மாணவரின் அறையை இப்படிப் பார்ப்பது, நியாயமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கும் நான்காவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு எதிரானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அறையைச் சுற்றிக் காட்டு என்றால் அங்கே தூங்கும் பாட்டியும் தேர்வில் கலந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, எழுதியது மனிதனா இயந்திரமா என்று மென்பொருளைக் கொண்டே கண்டுபிடிப்பது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதும் இந்த வழிக்கு மவுசு கூடியது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. துல்லியம் போதவில்லை என்று ஆறே மாதத்தில் அவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆங்கில ஆசிரியர்கள் இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு கட்டுக் கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு கட்டு அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியது. அதைக் கருவிகள் பெரும்பாலும் சரியாகவே மதிப்பிட்டன. இன்னொரு கட்டு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகள். அவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று கருவிகள் தவறாகக் கூறின. காரணம் எளிது. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்கலாம் என்பதைத்தான் இந்தக் கருவிகள் அளக்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொல், பழகிய வாக்கியம், பாதுகாப்பான அமைப்பு என்றுதான் எழுதுவார். கருவியின் கண்ணுக்கு அது இயந்திர நடையாகத் தெரிகிறது. நம் வகுப்புகளில் ஆங்கிலம் எழுதுகிற பெரும்பாலோர் இந்த வகையினர்தான்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு சாதாரணக் கணக்குப் போட்டது. காப்பியைக் கண்டறியும் மென்பொருளை விற்கும் டர்னிடின் நிறுவனம், அதிலுள்ள ஏஐ கண்டறியும் வசதியில் பிழை ஒரு சதவீதம்தான் என்றது. அந்தப் பல்கலைக்கழகம் 2022-ல் அந்த மென்பொருளுக்கு அனுப்பிய கட்டுரைகள் 75,000. அதில் ஒரு சதவீதம் என்றால் தவறு செய்யாத சுமார் 750 கட்டுரைகள்மேல் பழி விழும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள்.

சரி, ஆசிரியர் கண்ணே பிடித்துவிடாதா? பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையினர் இதைச் சோதித்தார்கள். 33 கற்பனை மாணவர்களின் பெயரில், சாட்ஜிபிடி எழுதிய விடைகளை வீட்டிலிருந்து எழுதும் தேர்வுக்கு அனுப்பினார்கள். திருத்தியவர்களுக்கு விஷயம் தெரியாது. 2024-ல் வெளியான முடிவின்படி, அந்த விடைகளில் 94 சதவீதம் யாருடைய சந்தேகத்துக்கும் ஆளாகவில்லை. சராசரி மதிப்பெண்ணும் உண்மையான மாணவர்களைவிடக் கூடுதல். ஏபி தேர்வில் ஆசிரியர் கண் உதவும் என்று சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை. அங்கே ஆசிரியர் அந்தப் பிள்ளையை அறிந்தவர். இங்கே திருத்தியவருக்கு முன்னால் பெயரில்லாத தாள்தான் இருந்தது.

ஆக, காவலும் கருவியும் கைகொடுக்காத இடத்தில் மிஞ்சுவது கேள்வி. ஆஸ்திரேலியாவில் டிரேசி பிரெட்டக், ரோவினா ஹார்ப்பர் ஆகியோரின் குழு எட்டுப் பல்கலைக்கழகங்களில் 14,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், எந்த வகை வேலையை வெளியாள் கையில் கொடுத்து எழுதி வாங்க மனம் வராது என்று கேட்டது. வந்த பதில்கள் நான்கு: வகுப்பிலேயே செய்யும் வேலை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அமைந்த வேலை, வாய்மொழித் தேர்வு, தான் செய்த பயிற்சியைப் பற்றித் தானே எழுதும் குறிப்பு. ஆசிரியர்கள் குறைவாகக் கொடுப்பதும் இந்த நான்கையேதான் என்பது அதே ஆய்வில் தெரிந்தது. முற்றிலும் தப்பிய வடிவம் என்று எதுவும் இல்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் மாணவர்களும், கற்பித்தலில் அதிருப்தி உள்ளவர்களும் காசு கொடுத்து எழுதி வாங்குவோரில் அதிகம் இருந்தார்கள். மொழி பயம் ஒருவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்க ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் லாங் 2013-ல் 'சீட்டிங் லெசன்ஸ்' என்ற நூலை எழுதினார். காப்பியைத் தூண்டும் சூழல் என்று அவர் சொல்பவை: கற்றலைவிட மதிப்பெண்ணுக்கு அழுத்தம் தருவது, ஒரே தேர்வில் எல்லாவற்றையும் பணயம் வைப்பது, வெளியிலிருந்து வரும் பரிசையும் தண்டனையையும் மட்டுமே காட்டிப் படிக்க வைப்பது, என்னால் முடியாது என்று மாணவன் முன்பே நம்பிவிடுவது. நான்கும் பாடத்திட்டம் போடுகிறவரின் கையில் உள்ளவை.

இனி ஒரு கேள்வியையே கையில் எடுத்துப் பார்ப்போம். ராபர்ட் ஃபிராஸ்டின் 'தி ரோடு நாட் டேக்கன்' கவிதை 1915-ல் வெளியானது. இந்தியாவில் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வழக்கமான கேள்வி: கவிஞர் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார், ஏன்? வழக்கமான விடை: யாரும் போகாத பாதையில் துணிந்து போனார், அதனால் வாழ்வில் உயர்ந்தார். கைடில் இருக்கிறது, கூகுளில் இருக்கிறது, மூன்று வருடத்துக்கு முன் படித்த அக்காவின் நோட்டிலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கவிதை அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டு பாதைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன என்று இரண்டாம் பத்தியில் வருகிறது. அன்று காலை இரண்டிலும் இலைகள் ஒரேபோல் கிடந்தன என்று மூன்றாம் பத்தியில் வருகிறது. கடைசிப் பத்தியில் மட்டும், பிற்காலத்தில் பெருமூச்சோடு வேறு மாதிரிச் சொல்லிக்கொள்ளப்போவதாகப் பேசுகிறவர் சொல்கிறார்.

இந்த முரண்தான் நல்ல தேர்வுக்கு விதை. இதை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். திங்களன்று, பாதை எவ்வளவு தேய்ந்திருந்தது என்று சொல்லும் இடங்களில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். புதனன்று கூகுள் மீட்டில் விவாதம். தனக்கு ஒத்துவராத ஒரு வகுப்புத் தோழரின் கருத்தை ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளியன்று அந்தத் தோழருக்கு 200 சொல்லில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: நீ இப்படிச் சொன்னாய், கவிதையில் இந்த இரண்டு இடங்களைப் பார், அதனால் நான் இப்படி நினைக்கிறேன். அடுத்த வாரம் ஆசிரியரோடு மூன்று நிமிடப் பேச்சு. ஆசிரியர் கடிதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, இந்தச் சொல்லை ஏன் போட்டாய், வேறு எதைப் போடலாம் என்று கேட்பார்.

சாட்ஜிபிடிக்கு ஃபிராஸ்ட் தெரியும். புதன்கிழமை வகுப்பில் யார் என்ன சொன்னார் என்பது தெரியாது. மாணவர் அதையெல்லாம் உட்கார்ந்து அதற்கு விளக்கிக் கடிதம் வாங்கலாம்தான். அப்படிச் செய்தாலும் பாடத்தில் பாதியை அவர் படித்தாகிவிட்டது. மீதிக்கு அந்த மூன்று நிமிடம் இருக்கிறது.

நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு இது முடியுமா என்று கேட்பீர்கள். நாற்பது பேருக்கு மூன்று நிமிடம் வீதம் இரண்டு மணி நேரம். நாற்பது கட்டுரைகளைப் பத்துப் பத்து நிமிடம் திருத்தினால் ஆறு மணி நேரத்துக்கு மேல். வாரத்துக்குப் பத்துப் பேர் என்று சுழற்சியில் வைத்தால் மாதத்தில் எல்லோரும் ஒருமுறை பேசிவிடுவார்கள். வீடியோ வேண்டியதில்லை, சாதாரணப் போன் அழைப்பே போதும். வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால் இரவு எட்டு மணிக்கு அழைக்கலாம்.

இலக்கணத்துக்கு வருவோம். கோடிட்ட இடத்தை நிரப்புக என்ற கேள்வியை வீட்டுத் தேர்வில் கொடுப்பது வீண். அதற்குப் பதில், மாணவர் போன வாரம் தானே எழுதிய பத்தியிலிருந்து தவறுள்ள ஐந்து வாக்கியங்களை எடுத்துக் கொடுங்கள். திருத்தி, என்ன தவறு என்று ஒரு வரியில் சொல்லட்டும். தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம். ஒருவருடைய வினாத்தாள் இன்னொருவருக்கு உதவாது. 'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே என்று ஒருவர் தன் பிழையிலிருந்தே கற்றால் அது மறப்பதும் இல்லை.

கட்டுரை உருவான தடத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. எழுத்தைக் கற்பிக்கும்போது முடிந்த கட்டுரையைவிட அது உருவாகும் முறையைக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாசிரியர் டொனால்ட் மரே 1972-லேயே வாதிட்டார். காப்பியைப் பிடிப்பதற்காக அவர் சொன்னதில்லை அது; இன்று அதற்கும் பயன்படுகிறது. கூகுள் டாக்ஸில் பதிப்பு வரலாறு என்று ஒரு வசதி உண்டு. அதைத் திறந்தால் ஒரு கட்டுரை வளர்ந்த கதை தெரியும். தானே எழுதியவரின் தடத்தில் முதல் வாக்கியம் நாலுமுறை மாறியிருக்கும், இரண்டாம் பத்தி மூன்றாம் இடத்துக்குப் போயிருக்கும், நடுவில் அரைமணி நேரம் ஒன்றுமே நடந்திருக்காது, பிறகு 'பியூட்டிஃபுல்' போய் வேறொரு சொல் வந்திருக்கும். ஒட்டியவரின் தடத்தில் 9.14-க்கு வெற்றுப் பக்கம், 9.15-க்கு 400 சொல்.

இங்கே அவசரப்பட்டு யாரையும் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அண்ணன் கணினியில் ஒரே மூச்சில் ஏற்றிய பிள்ளையின் தடமும் அப்படித்தான் இருக்கும். இயந்திரம் எழுதியதைப் பார்த்து மெதுவாகத் தட்டச்சு செய்கிறவரின் தடம் நல்ல பிள்ளைபோல் தோன்றும். அதனால் தடத்தைக் குற்றப் பத்திரிகைக்கு எடுக்காமல் மதிப்பெண்ணுக்கு எடுப்பதே முறை. முதல் வரைவுக்கு இவ்வளவு, தோழர் சொன்ன திருத்தத்தை எடுத்துக்கொண்டதற்கு இவ்வளவு, எதை ஏன் மாற்றினேன் என்ற ஐந்து வரிக் குறிப்புக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டால், நோட்டுப் பக்கத்தின் படமும் வரைவாகவே கணக்கில் வரும்.

உறுதிமொழி வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதைவிட மேலே வாங்கினால் மக்கள் நேர்மையாக நடப்பார்கள் என்று 2012-ல் வெளிவந்த ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. மறுபடி செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. தரவுகளிலும் கோளாறு தெரிந்தது. 2021-ல் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். கையெழுத்தைவிட, எது கூடும் எது கூடாது என்ற தெளிவே அதிகம் உதவும். அகராதி பார்க்கலாம், எழுத்துப்பிழை திருத்தும் வசதியைப் பயன்படுத்தலாம், தமிழில் யோசித்ததற்கு ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடலாம், முழு வாக்கியத்தை இயந்திரத்திடம் கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு வேலைக்கும் மேலே நாலு வரி எழுதிவைத்தால், தெரியாமல் செய்தேன் என்ற பதிலுக்கு இடமிருக்காது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் காப்பியடிப்பதை ஆராய்ந்த டொனால்ட் மெக்கேப் கண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மாணவர் நினைக்கிறாரோ, அதுதான் அவரை அதிகம் இழுக்கிறது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே நடத்தியாக வேண்டும் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறது. ஒன்று, நேரில் கண்காணிப்போடு நடப்பது. மாணவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அதுதான் சான்றளிக்கும். மற்றது திறந்தது, அதில் ஏஐயையும் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தினோம் என்று சொல்ல வேண்டும். எல்லாத் தாளையும் பூட்ட முயன்று எதையும் பூட்ட முடியாமல் போவதைவிட, முக்கியமான சிலவற்றைச் சரியாகப் பூட்டுவது நடக்கக்கூடிய காரியம். தொலைநிலைக் கல்வி நடத்தும் நம் நிறுவனங்களும், பருவத்துக்கு ஒருநாள் மாணவர்களைப் படிப்பு மையத்துக்கு வரவழைத்து ஒரு பக்கம் எழுதவும் ஐந்து நிமிடம் பேசவும் வைக்கலாம்.

ஓர் ஆங்கிலப் பாடத்துக்கு 100 மதிப்பெண் என்றால், பங்கீட்டுக்கு ஒரு யோசனை: வாரச் சிறுவேலைகளுக்கு 30, வரைவுகளுக்கும் திருத்தங்களுக்கும் 20, வாய்மொழிப் பேச்சுக்கு 20, நேரில் எழுதும் தாளுக்கு 30. எந்த ஒன்றில் காப்பியடித்தாலும் மொத்தத்தைத் தூக்கிவிட முடியாது. எந்த ஒன்றில் சறுக்கினாலும் ஆண்டு போய்விடாது. இதை நடத்த ஆசிரியருக்கு நேரம் வேண்டும். கண்காணிப்பு மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், அதே பணத்தில் ஒரு பகுதி நேர ஆங்கில ஆசிரியரை அமர்த்தி அந்த மூன்று நிமிடப் பேச்சுகளைக் கால அட்டவணையில் சேர்க்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.